மேல்தபால் பேரை எழுதிக் கொடுத்த கதை

இலவசமா புரோகிராம் எழுதிப் போடற தொழில்ல சம்பளம் வராது, போனஸ் வராது, விளக்கம் கேட்டு மெயில் மட்டும் மாசம் தவறாம வரும். இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணைக் கைக்கொழந்தை மாதிரி வளர்த்து, ஒரு ஃபவுண்டேஷன் கையில கொடுத்துட்டு, அப்புறம் அதே வூட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தவங்க இருந்தா, வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. உங்களுக்குப் புதுசா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. சேர்ந்து பொலம்பலாம், அவ்ளோதான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். எனக்கு வூடு ஆலங்காயம். சோறு போடற வேலை, வாணியம்பாடி தோல் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கறது. ஜவ்வாது மலை மேல பாதி ஊர்ல டவர் எடுக்காது. அந்த ஊருங்கள்ல ஒண்ணுலதான் கோவிந்தன் இருக்கான். சாமை வெதைப்பான், புளி உலுக்குவான், மிச்ச நேரத்துல புரோகிராம் எழுதுவான். என்னோட பத்து வயசு சின்னவன், என்னோட நல்லா எழுதுவான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆப் செஞ்சோம். போன்ல நீங்க ஒரு சேதி போட்டா, அது பக்கத்துல வர்ற இன்னொரு போனுக்குத் தாவிக்கும். ஆடு மேய்க்கிறவர் போன், பால் கொண்டு போறவர் போன்னு தாவித் தாவி ரோட்டுக்கு வந்து, ஷேர் ஜீப்பு ஓட்டற மாணிக்கண்ணன் போன்ல ஏறிக்கும். அவர் கீழ எறங்குனா சேதியும் எறங்கும். டவரே வேணாம். மேல போற தபாலுங்கறதால மேல்தபால்னு பேர் வச்சோம். மாணிக்கண்ணன் அந்தப் பேரை மஞ்சப் பெயின்ட்ல ஜீப்பு நெத்தியில எழுதிக்கினாரு. சேதி வாங்கற வண்டி எதுன்னு ஜனங்களுக்கு அத்த வச்சுத்தான் தெரியும்.

என் பேர் இந்தக் கதைக்குத் தேவையில்ல. மலையில எல்லாருக்கும் நான் பாய்.

பஸ்ல அடிபட்டா

எழுதினதை நாங்க பூட்டி வைக்கல, யார் வேணா எடுத்துக்கோங்கன்னு போட்டோம். எடுத்துக்கினாங்க. அதுல ஒரு பெரிய கம்பெனி, காட்டுலயும் கடல்லயும் வேலை பார்க்கற தன் ஆளுங்களுக்காக எடுத்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவங்களுக்கு பயம் வந்துடுச்சு. இவ்ளோ பெரிய கம்பெனி, யாரோ ஆலங்காயத்து ஆளையும் சாமை வெதைக்கிற ஆளையும் நம்பிக்கினு இருக்கறதான்னு. இத்த, இந்த மாதிரி இலவச புரோகிராமுங்களைப் பார்த்துக்கற ஒரு ஃபவுண்டேஷன்ல சேர்த்துடுங்க, அப்ப அது யாருக்கும் சொந்தமில்லாம பொதுவா இருக்கும், வக்கீல் அவங்க, பாதுகாப்பு சோதனை அவங்க, நீங்க எழுதினா மட்டும் போதும்னாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அப்ப ரொம்ப அலுத்துப் போயிருந்தேன்.

வீடியோ கால்ல அந்த கம்பெனி மேனேஜர், நல்ல மனுஷன்தான், கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பஸ்ல அடிபட்டுட்டா இந்தப் புரோகிராம் கதி என்னன்னு. அவங்க தொழில்ல அது சாதாரணமா கேக்கற கேள்வியாம். நான் அல்லாவேன்னு உக்காந்திருந்தேன். கோவிந்தன் மட்டும் நெசமாவே யோசிச்சுட்டுச் சொன்னான்: "எங்க ஊருக்கு பஸ்ஸே வராது சார். அடிபடணும்னா கூட நான் ஆலங்காயம் எறங்கி வரணும்."

ஊருக்கு எடம் இல்ல

ஃபவுண்டேஷன் சார்பா எங்களைப் பார்த்துக்கினவங்க பேர் ஸ்ரீவித்யா. பெங்களூர்ல இருக்காங்க, நம்ம தமிழ்தான். குரலை ஒரு நாளும் ஒசத்த மாட்டாங்க. மாட்டேன்னு சொல்றதைக் கூட விருந்துக்குக் கூப்பிடற மாதிரி சொல்வாங்க. முதல் வேலையா, இதுல ஒரு வரி எழுதினவங்க, ஒரு படம் வரைஞ்சவங்க, எல்லாரும் கையெழுத்து போடணும்னாங்க. நான் செஞ்சது என்னுது, அத்த ஃபவுண்டேஷன் உபயோகிச்சுக்க எனக்கு ஆட்சேபணை இல்லன்னு. நாளைக்கு எவனும் வந்து உரிமை கொண்டாடக் கூடாதில்ல. அதுல நியாயம் இருக்கு. நான் ஒத்துக்கறேன்.

சிக்கல் பூங்காவனத்தக்கா கிட்ட வந்துச்சு. மாணிக்கண்ணன் சம்சாரம். படிக்கத் தெரியாதவங்களுக்காக, "ஒனக்கொரு சேதி வந்து கீது, கேளு"ன்னு ஆப்ல பேசுனது அவங்க குரல். அந்தப் பேச்சை அவங்க தனியா செய்யல. எந்த வார்த்தை எப்படிச் சொன்னா கெழவன் கெழவிக்குப் புரியும்னு ஊரே உக்காந்து பேசி முடிவு பண்ணுச்சு. அதனால அக்கா கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. "பேசுனது நானு. பேச்சு ஊருது. ஊரு பேச்சை எழுதிக் குடுக்க நான் யாரு பாய்?" சரி, ஊரே எழுதிக் கொடுக்கட்டும்னு ஸ்ரீவித்யா கிட்ட கேட்டேன். அவங்க வக்கீலைக் கேட்டாங்க. தனி ஆள் போடலாம், கம்பெனி போடலாம், ஊர்னு ஒண்ணு போட எடம் இல்லன்னு பதில் வந்துச்சு. எழுநூறு வருஷமா இருக்கற ஊரா இருக்கும், வக்கீலுக்கு அது கண்ணுல படல.

அப்புறம் என்ன, அக்கா குரலை எடுத்துட்டு மிஷின் குரல் ஒண்ணு போட்டாங்க. சுத்தமான தமிழ். "தங்களுக்கு ஒரு புதிய தகவல் பெறப்பட்டுள்ளது." அடுத்த வாரம் கோவிந்தனோட பெரியப்பா போனைத் துண்டுல சுத்தி என் கையில கொடுத்தாரு: "எவளோ ஆபீஸரம்மா பேசுது பாய். நான் வூட்ல இல்லன்னு சொல்லிடு."

பேசாம உக்காந்தது

இதுதான் கதை. மத்ததெல்லாம் இதுக்கு முன்ன பின்ன.

ஃபவுண்டேஷன்ல சேர்ந்தா ஒரு கமிட்டி வேணும். கம்பெனிக்கு ரெண்டு எடம், ஃபவுண்டேஷனுக்கு ஒண்ணு, வேற ஊர்ல உபயோகிக்கிறவங்களுக்கு ஒண்ணு, ஆரம்பிச்ச எங்களுக்கு ஒண்ணு. எங்க எடத்துல நான் கோவிந்தனை உக்கார வச்சேன். பாதிக்கு மேல எழுதினவன் அவன், மலையும் அவனுது. பெரிய விஷயம் எதுவா இருந்தாலும் ஒருத்தர் வேணாம்னு சொன்னா நின்னுடும். அப்படித்தான் விதி. அதை நம்பித்தான் சேர்ந்தோம்.

கொஞ்ச மாசத்துல பேரு விஷயம் வந்துச்சு. மேல்தபால்ங்கற பேரு, அதோட படம், வெப்சைட் விலாசம் மூணையும் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கொடுக்கணும், அவங்க டிரேட்மார்க் பதிவு பண்ணிப்பாங்கன்னு. நானும் கோவிந்தனும் முன்னாடியே பேசிக்கினோம். புரோகிராம் ஊர் ஒலகத்துக்கே போகட்டும், பேரு மட்டும் மலையில இருக்கட்டும். ஜனங்க நம்பி சேதி ஏத்தறது அந்தப் பேரைப் பார்த்துத்தான். கமிட்டியில அவன் வேணாம்னா போதும், முடிஞ்சுது.

மீட்டிங் அன்னிக்கு நெட்டு நல்லா இருக்கணும்னு என் வூட்டுக்கே வந்து என் கம்ப்யூட்டர்ல உக்காந்தான். நான் வாணியம்பாடியில வேலையில இருந்தேன். சாயங்காலம் வந்து இன்னா ஆச்சுன்னேன். எங்கம்மா கொடுத்த டீயைக் குடிச்சுக்கினே, "நின்னு போச்சு பாய்"னான். மூஞ்சியில அவ்ளோ நிம்மதி. நானும் நிம்மதியா தூங்குனேன். அடுத்த வாரம் மீட்டிங் குறிப்பு மெயில்ல வந்துச்சு: யாரும் மறுப்புச் சொல்லாததால் பெயரை ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கொடுப்பது ஒருமனதாக ஏற்கப்பட்டது.

நடந்தது இதுதான். கோவிந்தன் ஊர்ல கூட்டம் போட்டா, பிடிக்காதவன் எழுந்து நின்னு பிடிக்கலன்னு கத்த மாட்டான். அது மத்தவங்களை அவமானம் பண்றது. தலையைக் குனிஞ்சுக்கினு பேசாம உக்காந்துடுவான். ஒருத்தன் அப்படி உக்காந்துட்டா பேச்சு அங்கேயே நிக்கும். ரெண்டு பேர் அவன் வூட்டுக்குப் போய், ஒன் மனசுல இன்னாப்பா கீதுன்னு கேட்டுட்டு வர்ற வரைக்கும் ஊர் ஒரு அடி நகராது. கோவிந்தனும் அப்படியே, கேமரா முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருக்கான். ஸ்ரீவித்யா மேடம், மறுப்பு யாருக்காவது இருக்கான்னு கேட்டிருக்காங்க. ஒரு மூச்சு விடற நேரம் பார்த்துட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்ட்டாங்க. அவங்க விதிப்படி வாய் திறக்காதவன் சம்மதிச்சவன். நாங்க சேர்ந்தப்ப அந்த விதிக்கும் சேர்த்துத்தான் தலையாட்டியிருக்கோம்.

நான் சண்டை போட்டேன். தப்பா சொல்லக் கூடாது, பொறுமையா கேட்டாங்க. கோவிந்தன் இப்ப வேணாம்னு சொல்றானேன்னேன். "அப்ப சொல்லியிருக்கலாமே சார்"னாங்க, அதே தேன் குரல்ல. கமிட்டி முடிவுக்குக் கட்டுப்படுவோம்னு முன்னாடியே எழுதிக் கொடுத்ததால பேரை எழுதிக் கொடுக்கற பேப்பர்லயும் நானே கையெழுத்து போட்டேன். கோவிந்தன் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கினு இருந்தான். நான் பேனாவை மூடினதும் கேட்டான்: "நான் வாயே தொறக்கலையே பாய். அப்புறம் நான் ஒத்துக்கினேன்னு எப்டி எழுதுனாங்க?"

ஜீப்பு நெத்தி

கம்பெனியிலேர்ந்து ரெண்டு பேர் மலையைப் பார்க்க வந்தாங்க. ஜீப்பு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து, எங்கள் வேர்கள் அப்படி இப்படின்னு எழுதிப் போட்டாங்க. போட்டோவைப் பார்த்தது ஃபவுண்டேஷன் வக்கீலுங்க. அனுமதி இல்லாம ஒரு வாகனத்துல எங்க டிரேட்மார்க் இருக்குன்னு மெயில் வந்துச்சு. எங்க டிரேட்மார்க். அந்த வார்த்தையை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அவங்க ஜவ்வாதுன்னு ஒரு மலை இருக்கறதையே எங்க கிட்டேர்ந்துதான் தெரிஞ்சுக்கினாங்க.

ஸ்ரீவித்யா போன் பண்ணி, பயப்படாதீங்க சார், விண்ணப்பம் போட்டா அனுமதி கொடுத்துடுவோம், காசு கூட கெடையாதுன்னாங்க. கூடவே விதிமுறை வந்துச்சு. எழுத்து நீலமா இருக்கணும், மஞ்சள் கூடாது. பேரைச் சுத்தி நாலு பக்கமும் காலி எடம் விடணும், பக்கத்துல வேற எதுவும் இருக்கக் கூடாது. ஜீப்பு நெத்தியில பேருக்கு மேல முருகன் படம், கீழ எலுமிச்சம்பழமும் மொளகாயும், ரெண்டு பக்கமும் ஹெட்லைட்டு. எதைக் கழட்டறதுன்னு மாணிக்கண்ணனைக் கேட்டேன். அவர் வண்டியைச் சுத்தி ஒரு தடவை வந்துட்டுச் சொன்னாரு: "வண்டிக்கு ஒரு ஆர்டிஓ போதாதுன்னு பேருக்கு வேற ஒரு ஆர்டிஓ வச்சுட்டியா பாய்?"

டி-ஷர்ட்டு

அந்த வருஷம் ஆரம்பிச்சவங்களுக்கு மரியாதைன்னு ஃபவுண்டேஷன் ரெண்டு டி-ஷர்ட்டு அனுப்புச்சு. நீல எழுத்து, சுத்திக் காலி எடம், எல்லாம் விதிப்படி. என்னையும் கோவிந்தனையும் சேர்த்து ஒண்ணுல போடலாம், அவ்ளோ பெருசு. என்னுதை எங்கம்மா தரை தொடைக்க எடுத்துக்கினாங்க. கோவிந்தன் அவனுதை ரெண்டு குச்சியில மாட்டி, ராத்திரி பன்னி வர்ற பக்கமா சாமைக் கொல்லையில நட்டு வச்சான். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா அந்தப் பக்கம் பயிர் அப்படியே இருந்துச்சு. கோவிந்தன் சிரிக்காம சொன்னான்: "பன்னிக்கும் அந்த மெயில் போயிருக்கும் பாய்."

டவர் இல்லாத ஊருக்கு ஓடிபி

ஜீப்பு, டி-ஷர்ட்டு இதெல்லாம் சிரிச்சுட்டுப் போயிடலாம். இத்த சிரிக்க முடியல.

கமிட்டி புது வெர்ஷன் கொண்டு வந்துச்சு. கம்பெனி ஆளுங்க எல்லாம் புது போன் வச்சிருக்கறவங்க. பழைய போனுக்காக நாங்க எழுதின பகுதியைத் தூக்கிட்டாங்க. பாதுகாப்புன்னு சொல்லி, ஆப்பைத் தொறக்கணும்னா ஓடிபி வரணும்னு வச்சாங்க. டவரே இல்லாத ஊருக்காகச் செஞ்ச ஆப்பு, டவர் இருந்தாத்தான் தொறக்கும். கோவிந்தன் இந்தத் தடவை வாயைத் தொறந்து வேணாம்னான். வேற வேற விதத்துல, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சொன்னான். இது பேரு மாதிரி பெரிய விஷயம் இல்ல, தொழில்நுட்ப விஷயம், இதுக்கு மெஜாரிட்டி போதும்னு முடிச்சுட்டாங்க. பேசாம இருந்தா சம்மதம், பேசினா மைனாரிட்டி. இதுக்கு மேல ஒரு மனுஷன் எந்த மாதிரிதான் உக்காரணும்னு எனக்குத் தெரியல.

மாணிக்கண்ணன் பொண்ணு மொதப் பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்திருந்துச்சு. கீழ ஆலங்காயம் வந்தவங்க போன்ல எல்லாம் ஆப்பு தானா புது வெர்ஷனுக்கு மாறிடுச்சு. அக்கா போன்லயும்தான். விடியற நேரத்துல வலி எடுத்துடுச்சு. அக்கா ஆப்பைத் தொறந்தா அது ஓடிபி போடுன்னு கேக்குது. மாணிக்கண்ணன் வண்டியோட கீழ இருக்காரு, சேதி போகல. பக்கத்து ஊருக்கும் போகல. கடைசியில நாலு பேர் டோலி கட்டி, பாறையும் ஓடையும் தாண்டி ரோட்டுக்குத் தூக்கினு வந்தாங்க. பாதி வழியில கொழந்தை பொறந்துடுச்சு. தாயும் கொழந்தையும் பொழைச்சுக்கினாங்க. அது ஆண்டவன் புண்ணியம், எங்க புரோகிராம் புண்ணியம் இல்ல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்கா முன்னாடி நின்னேன். அக்கா திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். போனை எடுத்து அந்த நீல எழுத்தை என்கிட்ட காட்டுனாங்க: "பேரு அதேதான் கீது பாய். ஆளுதான் வேற."

எடுத்துக்கோங்க

நான் ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டு, எங்களை விட்டுடுங்க, நாங்க வெளிய போறோம்னேன். நெசமாவே வருத்தப்பட்டாங்க. அப்புறம் விளக்குனாங்க. புரோகிராம் எல்லாருக்கும் பொது, பழைய வெர்ஷனை எடுத்துக்கினு தனியா போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. மேல்தபால்ங்கற பேரை மட்டும் வைக்கக் கூடாது, ஜனங்க கொழம்பிடுவாங்களாம். எந்த ஜனங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. உங்க விதிப்படி நீங்க சம்மதிச்சதா எழுதிக்கவான்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க: "தனிப்பட்ட முறையில எனக்கு உங்க மேல ரொம்ப மரியாதை சார்."

பேர் வைக்கிற கூட்டம்

நானும் கோவிந்தனும் பழைய புரோகிராமை எடுத்துத் தூசி தட்டுனோம். பழைய போன்ல ஓடுது, ஓடிபி கேக்கல. பூங்காவனத்தக்கா குரலைத் திரும்ப உள்ள வச்சோம். பேரு ஒண்ணு வேணுமே, அதுக்கு அவங்க ஊர்ல கூட்டம் போட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னாங்க, சாமி பேரு, மலைப் பேரு, கோவிந்தன் பேரு கூட. நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. அப்ப பார்த்தா மாணிக்கண்ணன் தலையைக் குனிஞ்சுக்கினு பேசாம உக்காந்திருந்தாரு. பேச்சு அப்படியே நின்னுடுச்சு. எனக்கு மட்டும்தான் அது புதுசு, மத்தவங்க எழுந்து துண்டை ஒதறிக்கினு வேலையைப் பார்க்கப் போய்ட்டாங்க.

மறுநாள் காலையில, அவர் மனசுல இன்னா இருக்குன்னு கேக்க என்னையும் கோவிந்தனையும்தான் அனுப்புனாங்க. நாங்க போறப்ப அவர் வூட்ல இல்ல, ரோட்டோரம் ஜீப்பு கிட்ட நின்னாரு. கையில பெயின்ட் டப்பா. நெத்தியில மஞ்ச எழுத்து இருந்த எடத்துல ஜீப்பு கலரை அடிச்சு முடிச்சிருந்தாரு, ஈரம் கூடக் காயல. கோவிந்தன் அத்தப் பார்த்துட்டு வேற பக்கம் திரும்பிக்கினான். அவன் அழுததை நான் பார்த்ததே இல்ல, அன்னிக்குப் பார்த்தேன். நான்தான் வாயைத் தொறந்து கேட்டேன், இன்னா பேர் வைக்கலாம்ணா, நீங்க சொல்லுங்கன்னு. மாணிக்கண்ணன் பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல முக்கிக்கினே சொன்னாரு: "வச்ச பேரைத்தானே பாய் எழுதிக் குடுத்தீங்க. வைக்காத பேரை எவன் வந்து கேப்பான்?"

ஊர் ஒத்துக்கிச்சு, இன்னி வரைக்கும் அதுக்குப் பேர் கெடையாது, ஜனங்க "அதுல சொல்லி வுடு"ன்னு சொல்றாங்க, சேதி போகுது. ஆக, இத்தனை வருஷத்துல இந்தத் தொழில்ல எங்களுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் பாகம் பிரிஞ்சது இவ்ளோதான், பேரு அவங்களுக்கு, பழுது பார்க்கற வேலை எங்களுக்கு.